டி1 பட்டமா, டி3 படிப்பா: மகளின் காலேஜ் சாக்கருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. மகள் சின்ன வயதிலிருந்து கிளப் சாக்கர் ஆடுகிறாள், பதினோராம் வகுப்பு வந்துவிட்டது, இரண்டு மூன்று காலேஜ் கோச்சுகள் பேசியிருக்கிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது, டிவிஷன் 1 (டி1) மேல்தட்டு. ஒருவர் டிவிஷன் 1, நாற்பது சதவீத ஸ்காலர்ஷிப் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் டிவிஷன் 3, விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரமாட்டார், ஆனால் படிப்புக்குப் பேர் போன கல்லூரி. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், மகள் மூன்றாவது பக்கம் நிற்கிறார்கள். இப்படி மாட்டிக்கொண்டு கேட்டவர்கள் பலர் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "டி1" என்ற பட்டமும் ஸ்காலர்ஷிப் சதவீதமும் முடிவெடுக்க உதவாத இரண்டு விவரங்கள், ஆனால் எல்லாரும் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். அணிக்கு யார் செலவழிக்கிறார்கள், எத்தனை பேர் முழுநேரமாக வேலை செய்கிறார்கள், உங்கள் மகள் படிக்க நினைக்கும் படிப்பை அந்த அணியில் இருந்துகொண்டே படித்து முடித்தவர்கள் உண்டா, இந்த மூன்றும்தான் விஷயம்.

எதை வைத்து அளப்பது

பணம் என்றால் நான்கு வருடத்துக்கு நம் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை. ஆண்டுக்கு 80,000 டாலர் கேட்கும் தனியார் கல்லூரியில் 40 சதவீதம் தள்ளுபடி என்றால் மீதி 48,000 நம் தலையில்தான். 30,000க்குள் முடிந்துவிடும் சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு காசு தராவிட்டாலும் அதைவிட மலிவு. கேட்கும்போது இது அப்பட்டமாகத் தெரிகிறது, ஆனால் "எங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லும் சந்தோஷத்தில் இந்தக் கணக்கு எத்தனையோ வீடுகளில் காணாமல் போகிறது. கூடவே கேட்க வேண்டியது: அவள் ஆடுவதை நிறுத்தினால் அந்தப் பணம் என்ன ஆகும்?

ஆட்கள் என்றால் தலைமை கோச் மட்டும் இல்லை. சம்பளம் வாங்கும் உதவி கோச்சுகள் எத்தனை பேர், கோல்கீப்பருக்குத் தனி கோச் உண்டா, காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் இந்த அணிக்கு மட்டுமா அல்லது நான்கு அணிகளுக்கு ஒருவரா, தலைமை கோச் வந்து எத்தனை வருடம் ஆகிறது. முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது சாக்கர் ஆடும் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அப்படி ஒன்று நடந்தால் அடுத்த பல மாதங்கள் உங்கள் மகள் தினமும் பார்க்கப்போகும் முகம் கோச்சுடையது இல்லை, டிரெய்னருடையது. பெண் கோச்சுகள் வேண்டும் என்று நினைப்பவர்கள் அணியின் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 1972இல் கல்வியில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொல்லும் டைட்டில் 9 சட்டம் வந்த காலத்தில் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள்தான் தலைமை கோச். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தால் 40 சதவீதத்துக்குச் சற்று மேல், சாக்கரில் அதைவிடவும் குறைவு. சட்டத்தால் அணிகளுக்குப் பணம் வந்தது, பணம் வந்ததும் அந்த வேலைகளுக்கு ஆண்களும் வந்துவிட்டார்கள்.

மூன்றாவது படிப்பு. பட்டம் வாங்கினாளா என்பதோடு இது முடிவதில்லை, எந்தப் பட்டம் என்பதும் உண்டு. கல்லூரி சாக்கர் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை போகிறது, அதாவது முழு இலையுதிர் செமஸ்டர். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் மதியம் 2 மணிக்கு, பயிற்சி 2:30க்கு. இந்த ஒரு மோதல் போதும், மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் ஒரு பிரீ-மெட் மாணவி மெல்ல வேறு படிப்புக்குத் தள்ளப்படுவதற்கு. யாரும் "மாறு" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆலோசகர் "இந்த செமஸ்டர் வேண்டாமே" என்பார், அடுத்த முறையும் அதையே சொல்வார்.

ஆட்டநேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் பெஞ்சில் உட்காருவது சிலருக்குச் சரிப்படும், பலருக்குச் சரிப்படாது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது மகள், நாம் இல்லை.

அணியின் கணக்கை நீங்களே பார்க்கலாம்

இது பலருக்குத் தெரியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மத்திய அரசின் மாணவர் உதவி பெறுகிற, விளையாட்டு அணிகள் நடத்துகிற இருபாலர் கல்லூரிகள் அனைத்தும் ஒவ்வொரு அணிக்கும் எவ்வளவு செலவழித்தோம், எத்தனை ஆட்டக்காரர்கள், எத்தனை கோச்சுகள் என்று ஆண்டுதோறும் கல்வித் துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஈஏடிஏ (EADA) என்று தேடினால் கல்வித் துறையின் தளம் வரும். கல்லூரிப் பெயரைப் போடுங்கள், பெண்கள் சாக்கருக்குத் தனி வரியே இருக்கும். உதவி கோச்சுகள் என்ற பத்தியில் முழுநேரம், பகுதிநேரம் என்று பிரித்திருப்பார்கள். சம்பளம் மட்டும் அணிவாரியாகக் கிடைக்காது, எல்லாப் பெண்கள் அணிகளுக்கும் சேர்த்த சராசரிதான்.

ஒரு வேடிக்கையும் கண்ணில் படும். பல கல்லூரிகளில் பெண்கள் சாக்கரின் வரவும் செலவும் கடைசி டாலர் வரை ஒரே எண்ணாக இருக்கும். அணி தன் காலில் நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் பொதுநிதியிலிருந்தும் மாணவர் கட்டணத்திலிருந்தும் போடும் பணத்தையும் வரவில் எழுதிக்கொள்ளலாம், அதனால் இரண்டும் சமமாகிவிடுகிறது. டிக்கெட் விற்று பெண்கள் சாக்கர் லாபம் பார்க்கும் இடம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வரவை விட்டுவிட்டு "ஆபரேட்டிங்" செலவை ஆட்டக்காரர் எண்ணிக்கையால் வகுங்கள். பயணம், உடை, கருவிகள், போட்டிநாள் செலவு என ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று வரும். ஒரே கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்கில்) ஆடும் இரண்டு கல்லூரிகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் எது அணியைக் கவனித்துக்கொள்கிறது, எது ஒப்புக்கு நடத்துகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து அணியின் ரோஸ்டர், அதாவது ஆட்டக்காரர் பட்டியல் பக்கம். பழைய ஆண்டுகளின் ரோஸ்டரும் அங்கேயே இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் முதலாண்டில் சேர்ந்தவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு ரோஸ்டரில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் காணோம் என்றால் கோச்சிடம் காரணம் கேட்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவரின் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். மூன்றாம், நான்காம் ஆண்டில் இருப்பவர்களில் இன்ஜினியரிங், நர்சிங், பயாலஜி என்று யாராவது இருக்கிறார்களா? முதலாண்டில் பயாலஜி என்றிருந்தவள் மூன்றாம் ஆண்டில் கம்யூனிகேஷனுக்கு மாறியிருந்தால், அது ஒருத்தி மட்டும் என்றால் பரவாயில்லை, நான்கு பேர் என்றால் யோசியுங்கள்.

அணியின் படிப்பு முன்னேற்றத்துக்கு என்சிஏஏ போடும் மதிப்பெண்ணான ஏபிஆரை, கோச்சுகள் பெருமையோடு காட்டினாலும், நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பருவத்துக்கு இரண்டு புள்ளி: கல்லூரியில் தொடர்கிறாளா, ஆடத் தகுதியோடு இருக்கிறாளா. முழு மதிப்பெண் 1000, 930க்குக் கீழே போனால் சீசனுக்குப் பிந்தைய தேசியப் போட்டிகளில் ஆட முடியாது. பெண்கள் சாக்கர் அணிகள் பெரும்பாலும் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அவள் என்ன படித்தாள் என்பதை அந்த எண் சொல்லாது. படிப்பு உதவி என்ற பெயரில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு நார்த் கரோலினா பல்கலைக்கழகம் உதாரணம்: 1993 முதல் 2011 வரை, பேருக்கு நடந்த வகுப்புகளில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள், கிட்டத்தட்ட பாதிப் பேர் விளையாட்டுக்காரர்கள் என்று 2014இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. பெண்கள் சாக்கரில் 22 என்சிஏஏ பட்டங்கள் வென்ற பல்கலைக்கழகமும் அதுதான். இரண்டும் ஒரே வளாகம். அந்த அணிதான் தவறு செய்தது என்று சொல்ல வரவில்லை, பெரிய பெயரைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட வேண்டாம் என்கிறேன்.

பெரிய கான்ஃபரன்ஸ் டி1

ஏசிசி, பிக் டென், எஸ்இசி, பிக் 12 என்ற நான்கு கான்ஃபரன்ஸ்கள். தொலைக்காட்சியில் வரும் ஆட்டம், நிஜமான ஸ்டேடியம், சமையல்காரர், உளவியலாளர், டியூட்டர்கள் என எல்லா வசதியும் இங்கே உண்டு.

பணக் கணக்கு 2025இல் தலைகீழாக மாறியது. முன்பு ஒரு டி1 பெண்கள் சாக்கர் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான், அதை முப்பது பேருக்கு மேல் பிரித்துக் கொடுப்பார்கள். விளையாட்டு மாணவர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய் ஆள் வரம்பு வந்தது: பெண்கள் சாக்கருக்கு 28 பேர். கல்லூரி விரும்பினால் 28 பேருக்கும் முழுத் தொகை தரலாம். ஆனால் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடன்பாட்டின் முதலாண்டான 2025-26இல் ஒரு கல்லூரி விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடிய சுமார் 20.5 மில்லியன் டாலரில் பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது, புதிதாகத் தரும் ஸ்காலர்ஷிப்பிலும் 2.5 மில்லியன் வரை அதே உச்சவரம்பில் கழிகிறது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்து உழைத்து மேலே வரும் "வாக்-ஆன்" பெண்களுக்குத்தான் நிஜமான அடி, 28க்குள் அவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

அணியையே மூடிவிடுவார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பெண்கள் சாக்கரைப் பொறுத்தவரை அந்தப் பயம் குறைவாகவே இருக்கலாம். 105 பேர் வரை கொண்ட ஆண்கள் ஃபுட்பால் அணியை வைத்துக்கொண்டு டைட்டில் 9ஐச் சமாளிக்க, நிறையப் பெண்கள் ஆடும் சாக்கர் போன்ற அணி அவர்களுக்கு அவசியம். அன்பினால் நடத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், எண்ணிக்கைக்காகவும் நடத்துகிறார்கள்.

2024 ஆகஸ்டிலிருந்து ஒரு நல்ல மாற்றம். டி1இல் ஆட்டம் சரியில்லை என்றோ காயம் என்றோ ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கவோ பறிக்கவோ கூடாது, ஆட்டத்தில் பட்ட காயத்துக்குக் கல்லூரியை விட்டுப்போன பின்னும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். ஆனால் பணத்துக்குத்தான் பாதுகாப்பு, அணியில் இடத்துக்கு இல்லை. அவளாக விலகினால் பணத்துக்கும் இல்லை. கோச் மாறினால் புதியவர் தனக்கு வேண்டிய ஆட்களை கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருந்து கொண்டுவருவார், இவள் ஓரத்துக்குப் போவாள். 45 வருடம் ஒரே இடத்தில் இருந்த நார்த் கரோலினாவின் பெண்கள் சாக்கர் கோச் ஆன்சன் டோரன்ஸே 2024இல் சீசன் தொடங்கும் நேரத்தில் ஓய்வை அறிவித்தார். அந்த அணி அந்த வருடமே பட்டம் வென்றது என்பது வேறு கதை. கோச்சை நம்பி மட்டும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

மறைந்திருக்கும் விலை நேரம். விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், ஒரு நாளைக்கு 4. ஆனால் ஒரு போட்டி நாள் எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் 3 மணி நேரம். பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் கணக்கிலேயே வராது. 2024இல் யுசிஎல்ஏவும் யுஎஸ்சியும் பிக் டென்னுக்குப் போயின, ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசிக்குப் போயின. கலிஃபோர்னியாப் பெண்கள் லீக் ஆட்டத்துக்கு நியூஜெர்சிக்கும் வர்ஜீனியாவுக்கும் பறக்கிறார்கள். வியாழன் ஒரு ஆட்டம், ஞாயிறு ஒரு ஆட்டம் என்று வெளியூரில் போனால் அந்த வாரம் வகுப்பு என்பது திங்கள், செவ்வாய்தான்.

40-60-80 விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட முடியாது. சோம்பேறித்தனத்தைத் தடுக்க வந்த விதிதான், ஆனால் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவள் இரண்டாம் ஆண்டு முடிவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற நினைத்தால் பழைய பாடங்கள் புதுப் பட்டத்தில் சேராமல் போய்த் தகுதி இழக்கலாம்.

யாருக்குப் பொருந்தும்: தொழில்முறையாக ஆட வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே இருப்பவளுக்கு, அல்லது சொந்த மாநிலப் பல்கலைக்கழகமே அழைப்பவளுக்கு. அமெரிக்காவின் தொழில்முறைப் பெண்கள் லீக்கான என்டபிள்யூஎஸ்எல், கிளப்புகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டையே 2024இல் எடுத்துவிட்டது, இனி ஆட்டக்காரர் நேரடியாகக் கிளப்போடு பேசுவதுதான். கிளப் ஆட்கள் பார்க்கும் இடத்தில் ஆட வேண்டும் என்றால் இந்த மேடைக்கு மதிப்பு இருக்கிறது.

ஃபுட்பால் பணம் இல்லாத டி1

டி1 பெண்கள் சாக்கர் அணிகள் முந்நூறுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை இந்த வகை, நம்மவர் பெண்களுக்கு வரும் "டி1 ஆஃபர்" பெரும்பாலும் இங்கிருந்துதான். ஒரே பெயரில் இரண்டு உலகம் இருப்பதும் இங்கேதான்.

ஒரு பக்கம் போர்ட்லண்ட், சாண்டா கிளாரா. இரண்டும் சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள், ஃபுட்பால் அணியே கிடையாது, ஆனால் போர்ட்லண்ட் 2002, 2005இலும் சாண்டா கிளாரா 2001, 2020இலும் பெண்கள் சாக்கர் தேசியப் பட்டம் வென்றன. கனடாவின் நட்சத்திரம் கிறிஸ்டின் சின்க்ளேரும் அமெரிக்காவின் மேகன் ரபினோவும் போர்ட்லண்டில் ஆடியவர்கள். இப்படிப்பட்ட வளாகத்தில் சாக்கர்தான் முக்கிய ஆட்டம், வேறு யாரும் விட்டுவைத்த மிச்சத்தில் வாழ வேண்டியதில்லை.

மறுபக்கம், டி1 பெயருக்காக அணி நடத்தும் கல்லூரிகள். தலைமை கோச், ஒரு முழுநேர உதவியாளர், இன்னொருவர் பகுதிநேரம். சம்பளமில்லாத "வாலண்டியர் கோச்" என்ற வகையை என்சிஏஏ 2023இல் எடுத்துவிட்டது, அதுவரை அந்த இலவச உழைப்பில் ஓடிய இடங்களில் யார் குறைந்தார்கள் என்று கேளுங்கள். நாற்பது சதவீத ஸ்காலர்ஷிப், ஆறு மணி நேரப் பேருந்துப் பயணம், இரவு இரண்டு மணிக்கு விடுதிக்குத் திரும்பி காலை எட்டு மணிக்குக் கால்குலஸ். பெரிய கான்ஃபரன்ஸின் நேரச்செலவு முழுதும் உண்டு, டியூட்டர் வசதியும் விமானமும் மட்டும் இல்லை. என்னைக் கேட்டால் எல்லா வகைகளிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான். பேருக்காக இதை எடுக்க வேண்டாம். கல்லூரியின் படிப்பும் நான்கு வருட மொத்தச் செலவும் சாக்கர் இல்லாமலேயே உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

ஐவி லீக்

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகளின் ஐவி லீக்கும் டி1தான், ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஹவுஸ் உடன்பாட்டிலும் சேரவில்லை. தருவது முழுதும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். ஆண்டுச் செலவு பட்டியல் விலையில் 90,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. ஆனால் ஹார்வர்டு 2025-26 முதல் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரையுள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்கிறது, பிரின்ஸ்டன் 1.5 லட்சம் வரை பெரும்பாலும் எதுவுமே கட்ட வேண்டாம் என்கிறது. வருமானத்தோடு சொத்தையும் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஐவியில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவள் இரண்டாம் வருடம் "போதும்" என்று பூட்ஸைக் கழற்றி வைத்தாலும் பணம் அப்படியே இருக்கும். காயம், கோச்சோடு ஒத்துப்போகாதது, லேப், காரணம் எதுவானாலும் சரி. பதினெட்டு வயதில் எடுத்த முடிவை இருபது வயதில் மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்துக்கு விலை போட்டால் அது பெரிய தொகை.

கஷ்டம் உள்ளே நுழைவதில். கோச் சேர்க்கை அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கலாம், அந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. மதிப்பெண் தகுதி ஒரு குறியீட்டு எண்ணால் அளக்கப்படும். கோச் வாயால் சொல்வது உறுதி இல்லை. அக்டோபர் 1க்குப் பிறகு சேர்க்கை அலுவலகத்திலிருந்து "லைக்லி லெட்டர்" வந்தால்தான் உறுதி. அதுவரை மற்ற கோச்சுகளிடம் பேச்சை முறிக்காதீர்கள்.

இரட்டைச் சம்பள ஐடி குடும்பம், வருமானம் 3 லட்சம் டாலருக்கு மேல் என்றால் உதவித்தொகை சொற்பம் அல்லது பூஜ்யம். அப்போது நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் தயாராக இருக்க வேண்டும்.

டிவிஷன் 3

நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். விளையாட்டுக்குப் பணம் தருவது விதிப்படியே தடை. நம் வீடுகளில் இந்த ஒரு வரியைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது, ஆனால் எம்ஐடி டி3தான். சிகாகோ, எமோரி, கார்னகி மெலன், செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் எல்லாம் டி3தான்.

பணத்தில் இரண்டு வகை உண்டு, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ், போடன், எம்ஐடி போன்றவை வருமானம் பார்த்து மட்டுமே தருபவை. மதிப்பெண்ணுக்கென்று தனி ஸ்காலர்ஷிப் கிடையாது. கேஸ் வெஸ்டர்ன், ராசெஸ்டர் போன்றவை படிப்புக்கான மெரிட் ஸ்காலர்ஷிப்பும் தருபவை. வருமானம் அதிகமுள்ள வீட்டுக்கு இரண்டாவது வகைதான் கைகொடுக்கும், அங்கே கிடைக்கும் மெரிட் தொகை ஒரு சின்ன டி1 கோச் தரும் நாற்பது சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது மதிப்பெண் இருக்கும்வரை அவளுடையது.

ஆட்கள் விஷயத்தில் டி3 மெலிவு என்பது உண்மை. தலைமை கோச்சே வேறொரு நிர்வாக வேலையும் பார்ப்பார், உதவியாளர்கள் பெரும்பாலும் பகுதிநேரம், வசந்த காலத்தில் பயிற்சி குறைவு. டிரெய்னர் வசதியை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆனால் லேப் இருந்தால் பயிற்சிக்குத் தாமதமாக வருவது பல இடங்களில் சாதாரணம். பயணமும் பெரும்பாலும் பேருந்து எட்டும் தூரம், எமோரி, சிகாகோ ஆடும் யுஏஏ கான்ஃபரன்ஸ் மட்டும் விதிவிலக்கு: அட்லாண்டாவிலிருந்து பாஸ்டனுக்கு டி3 பெண்களும் பறக்கிறார்கள்.

எம்ஐடி போன்ற இடங்களில் கோச்சால் பரிந்துரைக்க முடியும், இடம் வாங்கித் தர முடியாது. "கோச் பேசினார்" என்பதை "சீட் கிடைத்துவிட்டது" என்று படிக்காதீர்கள்.

டிவிஷன் 2, அப்புறம் மற்றவை

டி2வை நம்மவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அது தவறு. 9.9 ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகையை அணி முழுக்கப் பிரித்து, அதோடு படிப்பு ஸ்காலர்ஷிப்பையும் சேர்த்துத் தருவது வழக்கம். மிச்சிகனின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல தேசியப் பட்டங்கள் வென்ற அணி, அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அடிப்படைக் கட்டணமே குறைவு. பொறியியலுக்கென்றே இருக்கும் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் டி2தான். குறை என்னவென்றால் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. எழுத்தில் எத்தனை வருடம் என்று கேட்டு வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் ஒரு வழி: உள்ளூர்வாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, இரண்டு வருடம் ஆடிவிட்டு மாநிலத்தின் யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களுக்கு மாறலாம். மதிப்பு அதிகம், பேசுபவர்கள் குறைவு.

| | பெரிய டி1 | சிறிய டி1 | ஐவி | டி2 | டி3 |
|---|---|---|---|---|---|
| விளையாட்டு ஸ்காலர்ஷிப் | உண்டு, முழுத்தொகையும் சாத்தியம் | உண்டு, பெரும்பாலும் பகுதி | இல்லை | பகுதி | இல்லை |
| தானாக விலகினால் பணம் | போகலாம் | போகலாம் | இருக்கும் | போகலாம் | இருக்கும் |
| கோச், டிரெய்னர் | நிறைவு | இடத்துக்கு இடம் மாறும் | நன்று | நடுத்தரம் | மெலிவு |
| லேப், கடினமான மேஜர் | கஷ்டம் | கஷ்டம் | முடியும் | முடியும் | எளிது |
| பயணம் | மிக அதிகம் | அதிகம் | மிதம் | மிதம் | குறைவு |
| மறைந்த செலவு | நேரம், ஆள் மாற்றம் | மீதிக் கட்டணம் | அதிக வருமான வீட்டுக்கு முழு விலை | ஆண்டுப் புதுப்பிப்பு | அதிக வருமான வீட்டுக்கு முழு விலை |

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு

எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கணக்கு வேறு. மத்திய அரசின் மாணவர் உதவி கிடையாது. ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணம் போக விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு வரி உண்டு, பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள், "முழு ஸ்காலர்ஷிப்" என்று வந்த பிறகு இந்தப் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவார்கள். பெயரையும் படத்தையும் விற்று மாணவர்கள் சம்பாதிக்க 2021 முதல் அனுமதி இருந்தாலும், விசா விதிகளால் இவர்கள் அதில் கைவைப்பது ஆபத்து. வருமானம் குறைந்த வீட்டுப் பெண், மதிப்பெண் மிக நன்று என்றால் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் சேர்த்து, தேவையான உதவியை முழுதும் தரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், போடன் வரிசையை முயல வேண்டும். போட்டி கடுமை. மற்றவர்களுக்கு டி1, டி2 ஸ்காலர்ஷிப்தான் நடைமுறை வழி, எந்த டிவிஷன் என்ற பேரைவிடப் பணம் முக்கியம் என்பதால் இங்கே என் ஆலோசனை தலைகீழ்: யார் அதிகம் தருகிறார்களோ அவர்கள்.

ஆக, யாருக்கு எது

மதிப்பெண் நன்று, மருத்துவமோ பொறியியலோ படிக்க ஆசை, தொழில்முறை ஆட்டம் கனவில் இல்லை, வீட்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள்: முதலில் ஐவி, எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் வகை. சிறிய டி1 ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டே முயலுங்கள். அதே பெண், வருமானம் 3 லட்சத்துக்கு மேல்: மெரிட் தரும் டி3, சொந்த மாநில டி1, நல்ல டி2 மூன்றின் நான்கு வருட மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆட்டம்தான் உயிர் என்பவளுக்கு பெரிய டி1, அங்கே ஆட்டநேரம் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும், இல்லாவிட்டால் சாக்கரை முதன்மையாக நடத்தும் சிறிய டி1.

டி1, டி2 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15இலிருந்துதான் நேரடியாகப் பேசலாம், அதற்கு முன் பதில் வரவில்லை என்று மனம் தளர வேண்டாம். மின்னஞ்சலை மகளே எழுதட்டும். அப்பா எழுதியது எது என்று கோச்சுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், "எனது மகள்" என்பதை "நான்" என்று மாற்றினாலும். பெரிய தொகை வாங்கிக்கொண்டு "இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஆலோசகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019இல் வெடித்த சேர்க்கை ஊழலில் யேல் பெண்கள் சாக்கர் அணியின் அப்போதைய தலைமை கோச்சே லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். ஒரு குடும்பம் இடைத்தரகருக்கு மொத்தம் 12 லட்சம் டாலர் கொடுத்தது, அதிலிருந்து கோச்சுக்குப் போனது 4 லட்சம். சாக்கரே சரியாக ஆடாத பெண்ணை ஆட்டக்காரி என்று காட்டிச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் சேர்க்கையைப் பல்கலைக்கழகம் பிறகு ரத்து செய்தது.